சீன மொழி சர்வே கோப்புகளைத் திறந்த அனுபவம்: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

முதியோர் வாழ்நிலையில் இந்தியாவையும் சீனாவையும் ஒப்பிடும் ஆராய்ச்சியில் இருக்கிறேன். பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வீட்டில் வயதானவர்கள் மட்டும் தங்கியிருக்கும் தெருக்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. சீனக் கிராமங்களின் கதையும் ஏறக்குறைய அதுதான். நம் நாட்டுக்கு லாசி என்ற முதியோர் சர்வே இருக்கிறது. மும்பையின் மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்தியது, முதல் சுற்று 2017-18, 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களின் துணைவர்கள் என 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பதில்கள். சீனாவுக்கு பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் இருக்கிறது. 2011-இல் 28 மாகாணங்களில் 450 ஊர்களிலும் குடியிருப்புகளிலும் தொடங்கினார்கள். இரண்டுமே அமெரிக்க முதியோர் ஆய்வு ஒன்றின் அச்சில் உருவானவை என்பதால் கேள்விகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சார்ல்ஸுக்கு ஆங்கில லேபிளும் (ஒவ்வொரு கேள்விக்கும் விடை எண்ணுக்கும் கோப்பிலேயே இருக்கும் விளக்கக் குறிப்பு) கிடைக்கிறது. எனக்குக் குடும்ப வருமானமும் வேண்டியிருந்தது. அதற்காக அதே பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய குடும்பத் தொடர் ஆய்வான சிஎஃப்பிஎஸ் பக்கம் போனேன். கைக்கு வந்தது சீன லேபிள்கள் கொண்ட, ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய கோப்பு.

இந்த இடத்தில் நம் ஆட்கள் எல்லோரும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள்: "சீன எழுத்துரு ஒன்றைப் போட்டுக்கொள்." பாமினி, வானவில் காலத்துப் பழக்கம் அது. அப்போது தமிழ்க் கோப்பு ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் எழுத்துருவை மாற்றியதும் தமிழ் வந்துவிடும். சீனக் கோப்பில் அந்த வைத்தியம் பலிக்காது. வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் மட்டுமே எழுத்துரு இல்லை என்று பொருள். என் திரையில் வந்தவை வேறு. தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓர் 'ஓ', குறுக்குக்கோடு போட்ட ஒரு 'டி', மேலே ஏறி நிற்கும் குட்டி 1, சாய்கோடு வைத்த ஒரு 'யூ'. இந்த நான்கும் சேர்ந்தால் 'சீனா' என்ற நாட்டின் பெயர். சீனத்தில் அது இரண்டே எழுத்து. ஜிபி என்பது சீனாவின் குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறை. அதில் எழுத்துக்கு இரண்டு பைட் வீதம் நான்கு பைட். அந்த நான்கையும் மேற்கத்தியக் குறியேற்றம் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துக் காட்டுகிறது. கோப்பு கெடவில்லை, படிக்கும் முறைதான் தவறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

ஸ்டேட்டா 2015-இல் வெளியிட்ட 14-ஆம் பதிப்பிலிருந்துதான் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் சேமித்த கோப்பில், எந்தக் குறியேற்றத்தில் எழுதினார்கள் என்ற குறிப்பே இருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும். நினைவகத்தில் இருக்கும் தரவை முதலில் காலி செய்யுங்கள். கோப்பு இருக்கும் அடைவுக்குப் போய் 'யூனிகோட் அனலைஸ்' கொடுங்கள். மாற்றம் தேவையா இல்லையா என்று அது சொல்லும். பிறகு குறியேற்றத்தை ஜிபி18030 என்று அமைத்து 'யூனிகோட் டிரான்ஸ்லேட்' கொடுங்கள். பழைய ஜிபி2312, ஜிபிகே இரண்டையும் ஜிபி18030 தன்னுள் அடக்கிக்கொண்டிருப்பதால் சீனப் பெருநிலத்துக் கோப்புக்கு அதுவே பாதுகாப்பான தேர்வு. மூலக்கோப்பின் நகலை ஸ்டேட்டா தானே ஒரு துணை அடைவில் வைத்துக்கொள்ளும். தவறான குறியேற்றத்தைக் கொடுத்துவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் எல்லாம் சரிபார்த்து முடியும்வரை அந்த அடைவை அழிக்காதீர்கள்.

ஒரு கோப்பு மட்டும் மாற மறுத்தது. செல்லாத எழுத்துகள் இருப்பதாகச் செய்தி. தோண்டிப் பார்த்தால் காரணம் எளிமையானது. பழைய ஸ்டேட்டாவில் ஒரு மாறியின் (கேள்விப் பத்தியின்) லேபிளுக்கு 80 பைட்தான் இடம். கேள்வி எண்ணுக்கு ஐந்து ஆங்கில எழுத்துகள் போனால் மீதி 75. அதில் 37 சீன எழுத்துகள் உட்கார்ந்த பிறகு ஒரு பைட் மிச்சம். அங்கே முப்பத்தெட்டாவது எழுத்தின் பாதி மட்டும் நுழைந்து, மறுபாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்த அரை எழுத்துக்காகத்தான் முழுக்கோப்பும் மறுக்கப்படுகிறது. செல்லாதவற்றைக் குறியிட்டுவிட்டு மேலே போகச் சொல்லும் விருப்பத்தேர்வைச் சேர்த்தால் வேலை முடிந்தது. போவது அந்த அரை எழுத்து மட்டும்தான்.

லேபிள் படிக்க வராவிட்டால் என்ன, எண்கள் இருக்கின்றனவே என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சிஎஃப்பிஎஸ் ஆய்வில் -8 என்றால் 'பொருந்தாது', -1 'தெரியாது', -2 'பதிலளிக்க மறுத்தார்', -9 'விடுபட்டது', -10 'தீர்மானிக்க முடியவில்லை'. இந்த விவரம் லேபிளில்தான் இருக்கிறது. பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஓய்வூதியக் கேள்வியே பொருந்தாது, மற்ற நால்வர் தலா 500 யுவான் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 500 என்று வர வேண்டும். -8-ஐ எண்ணாகவே விட்டுவிட்டால் 195 என்று வரும். மென்பொருள் எச்சரிக்காது. ஏழைகள் இன்னும் ஏழைகளாகத் தெரிவார்கள், அந்த அட்டவணை ஆய்வேட்டில் ஏறிவிடும். குடும்பப் பதிவு நிலையிலும் (சீன அரசு ஒருவரை எந்த வகையில் பதிந்திருக்கிறது என்பது) 1 வேளாண் பதிவு, 3 வேளாண் அல்லாத பதிவு என்று குறியெண்கள் தாண்டித்தாண்டிப் போகின்றன. 1, 2 என்று ஊகித்துக்கொண்டால் நகரமும் கிராமமும் குழம்பிவிடும். என்னைப் பொறுத்தவரை லேபிள் தரவின் பாதி. அதை மீட்காமல் ஒரு சராசரிகூடப் போடக் கூடாது.

சத்தியவேடு, ஆந்திரா

வணக்கம் தங்கை. நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு இத்தகைய கோப்புகள் எங்கள் மேசைக்கும் வருகின்றன. தைவானிலிருந்து வந்து தங்கியிருந்த பொறியாளர்களிடம் தங்குமிடம், சாப்பாடு பற்றிக் கேட்ட வினாத்தாளின் பதில்கள் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பத்தி பிரித்த எழுத்துக் கோப்பு) வந்தன. நீங்கள் சொன்ன ஜிபி18030 அதற்குப் பொருந்தவில்லை. எழுத்தெல்லாம் சீன எழுத்தாகவே வந்தது, ஆனால் சீனம் தெரிந்தவர் பார்த்துவிட்டு ஒரு வாக்கியத்துக்கும் பொருளில்லை என்றார். தைவானில் பழைய கோப்புகள் பிக்5 முறையில் இருக்கும். சீன எழுத்து தெரிகிறது என்பதாலேயே சரியாகத் திறந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மொழி தெரிந்த ஒருவரிடம் நான்கு வரியாவது காட்டிக் கேளுங்கள்.

பிக்5 கோப்பில் இன்னொரு தொல்லை. ஷூ என்ற பரவலான குடும்பப் பெயரின் இரண்டாவது பைட், பின்சாய்கோட்டுக்கு உரிய அதே பைட். பழைய நிரல்கள் அதைக் கட்டளைக் குறியாக எடுத்துக்கொண்டு பெயரைச் சிதைத்துவிடும். முதலில் கோப்பு முழுவதையும் யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு பத்திகளாகப் பிரித்தால் இந்தச் சிக்கல் வராது. வரிசை மாறக் கூடாது.

எக்செல்லில் இரண்டு முறை சொடுக்கித் திறக்கிறார்களே, அதைக் கைவிடச் சொல்லுங்கள். கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 அடையாளக்குறி இல்லையென்றால் எக்செல் கணினியின் வட்டாரக் குறியேற்றத்தில் திறந்துவிடும். தரவு இறக்குமதிப் பகுதிக்குப் போய், குறியேற்றத்தை நாமே தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவதுதான் முறை.

வயதுப் பத்தியும் எண்ணாக மாற மறுத்தது. பார்வைக்கு 34, 41 என்று ஒழுங்காக இருக்கின்றன. கூர்ந்து பார்த்தால் இலக்கங்கள் கொஞ்சம் அகன்று நிற்கின்றன. சீன விசைப்பலகையில் சீன எழுத்தின் அகலத்துக்கே அடிக்கும் முழு அகல இலக்கங்கள் அவை. மென்பொருளுக்கு அவை எண்கள் அல்ல, எழுத்துகள். இடைவெளியிலும் முழு அகல இடைவெளி உண்டு, சாதாரண வெட்டும் கட்டளைக்கு அது கட்டுப்படாது.

குப்பம், ஆந்திரா

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் இன்னும் வீட்டுக்கு வருகிறார்கள். இருவரும் பயனுள்ளதாக எழுதியிருக்கிறீர்கள். நான் சேர்க்க விரும்புவது, மீட்கவே முடியாத கோப்பை எப்படி அடையாளம் காண்பது என்பது.

ஒரு மாணவி கொண்டுவந்த கோப்பில் பெயர், ஊர், தொழில் எல்லாப் பத்திகளிலும் ஒரே மூன்று சீன எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தன. சீனர்கள் அதை 'குன் ஜின் காவ்' என்று படிக்கிறார்கள். அப்படி ஒரு ஊரும் இல்லை, தொழிலும் இல்லை. நடந்தது இதுதான். யாரோ ஜிபி கோப்பை யுடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். புரியாத பைட்டுகள் வரும் இடங்களிலெல்லாம் நிரல், கேள்விக்குறி வைத்த வைர வடிவ மாற்றெழுத்தைப் போட்டிருக்கிறது. அப்படியே சேமித்துவிட்டார்கள். அந்த மாற்றெழுத்து யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். இரண்டு சேர்ந்தால் ஆறு. அந்த ஆறையும் பிறகு ஜிபி முறையில் இரண்டிரண்டாகப் படித்தால் எப்போதும் அதே மூன்று எழுத்துகள்தான் வரும். மூல பைட்டுகள் சேமித்த கணத்திலேயே போய்விட்டன, எந்தக் கட்டளையும் அவற்றைத் திருப்பித் தராது. அந்தப் பெண் எத்தனையோ இரவுகள் அதனுடன் மல்லுக்கட்டியிருக்கிறாள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. கோப்பைக் கொடுத்தவரிடம் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கச் சொன்னேன், கிடைத்தது.

ஆகவே பிள்ளைகளே, இறக்கிய கோப்பை உடனே படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். வேலையெல்லாம் நகலில் நடக்கட்டும்.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: ஹேவன் தொகுப்பில் ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளைப் படிக்கும்போதே குறியேற்றத்தைச் சொல்ல இடம் இருக்கிறது. அதில் ஜிபி18030 என்று கொடுத்தால் போதும். விண்டோஸில் 2022-இல் வந்த ஆர் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் விண்டோஸிலும் யுடிஎஃப்-8 இயல்பானது. அதற்கு முன்பு சரியாகப் படித்த தரவுகூட அச்சிடும்போது குறியெண்களாகச் சிதறும்.

பாறசாலை, திருவனந்தபுரம்

எஸ்பிஎஸ்எஸ் பற்றி ஒரு வரி. யூனிகோடு நிலையை மாற்ற வேண்டுமானால் எந்தத் தரவும் திறந்திருக்கக் கூடாது. பழைய கோப்பை யூனிகோடு நிலையில் திறந்தால் எழுத்துப் பத்திகளின் அகலம் மும்மடங்காகும். ஒரு எழுத்துக்கு மூன்று பைட் வரை தேவைப்படலாம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். கோப்பு பெருத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். 'ஆல்டர் டைப்' கட்டளையில் குறைந்தபட்ச அகலத்தைக் கேட்டால் சுருங்கிவிடும். ஆனால் அகலம் வேறுபட்ட இரண்டு கோப்புகளை அடையாள எண் வைத்து இணைக்கப் போனால் மறுக்கும். அந்தப் பத்தியை இரண்டிலும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்த பிறகு இணையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

எல்லோருக்கும் நன்றி. சத்தியவேடு அண்ணா, முழு அகல இலக்கத்துக்கு ஸ்டேட்டாவில் மருந்து இருக்கிறது. 'யூஎஸ்டிஆர்நார்மலைஸ்' என்ற சார்பில் என்எஃப்கேசி வடிவத்தைக் கேளுங்கள். அகன்ற இலக்கமும் அகன்ற இடைவெளியும் சாதாரண வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு எண்ணாக மாற்றலாம்.

குப்பம் ஐயா, இணைப்பு பற்றி உங்கள் மாணவிக்கும் ஒன்று சொல்லுங்கள். மாகாணங்களை ஆங்கிலப் பெயரை வைத்து இணைக்க வேண்டாம். ஷான்ஷி என்று நம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும் மாகாணங்கள் இரண்டு இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அரசு நிர்வாகக் குறியெண்ணில் ஒன்று 14, மற்றது 61. எண்ணை வைத்து இணைத்தால் குழப்பமே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சார்ல்ஸில் பிறந்த நாளோடு, அது சந்திர நாட்காட்டியா சூரிய நாட்காட்டியா என்றும் கேட்டு வைத்திருக்கிறார்கள். கிராமத்து முதியவர் 1950, பன்னிரண்டாம் மாதம் என்று சந்திரக் கணக்கில் சொன்னால், நம் கணக்கில் அது 1951 ஜனவரி அல்லது பிப்ரவரி. வயதில் ஓராண்டு தள்ளிவிடும், 45 என்ற எல்லைக்கோட்டில் நிற்பவர் உள்ளே வருவதும் வெளியே போவதும் அதைப் பொறுத்தது. எங்கள் ஊரில் இது புதிதில்லை. கொல்லம் 1125, மேடம் என்று பாட்டி சொன்னால் 1950 ஏப்ரல்-மே என்று பேரப்பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் சீனச் சந்திர மாதத்தில் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாக வரும், கூட்டல் கழித்தல் மட்டும் உதவாது. ஆயிரக்கணக்கான பிறந்த நாட்களை ஒரே ஓட்டத்தில் மாற்றும் நிரல் யாரிடமாவது இருந்தால், எந்த மென்பொருளில் எழுதியது என்ற விவரத்தோடு இங்கே போடுங்கள். கூடுதல் மாதம் வந்த ஆண்டுகளை அது எப்படிக் கையாள்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.