ஆஸ்டினில் இரண்டு சாப்பாடு: பிராங்க்ளின் பார்பிக்யூவும் உச்சியும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், சனிக்கிழமை காலை 7 மணிக்கே கிழக்கு 11-ஆம் தெருவில் பிராங்க்ளின் பார்பிக்யூ என்ற, விறகுப் புகையில் வேகவைத்த கறி விற்கும் கடையின் வாசலுக்குப் போய்விட்டோம். கடை திறப்பது 11 மணிக்கு. ஆனாலும் எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. மடக்கு நாற்காலி, சீட்டுக்கட்டு, தூங்கும் குழந்தைகள் என்று திருவிழாவுக்கு முந்தைய இரவு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓர் ஊழியர் வந்து யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். கறி எத்தனை பேர் வரை வரும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

2009-இல் ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கிய கடை இது. இதைத் தொடங்கிய ஏரன் பிராங்க்ளினுக்கு 2015-இல் ஜேம்ஸ் பியர்ட் விருது என்ற அமெரிக்கச் சமையல் விருது கிடைத்தது. மாட்டின் மார்புக்கறியான பிரிஸ்கெட்டுக்கு மசாலா என்று பார்த்தால் உப்பும் மிளகும்தான். மற்றதெல்லாம் ஓக் விறகுப் புகையில் ஏறக்குறைய 12 மணி நேரம். மேலே கரிபோல் கறுத்த பொருக்கு; உள்ளே, துண்டைத் தூக்கினால் விரலில் வளைந்து தொங்கும், ஆனால் அறுந்து விழாது. கறி நறுக்குபவர் கொழுப்புள்ளதா இல்லாததா என்று கேட்டபடியே ஒரு துண்டை என் கையில் வைத்தார். நான்கு மணி நேரம் நின்ற களைப்பு அங்கேயே போய்விட்டது.

மறுநாள் மாலை தெற்கு லமார் சாலையில் உச்சி என்ற ஜப்பானிய உணவகம். நமக்கு மலையுச்சி நினைவுக்கு வரும். ஜப்பானிய மொழியில் வீடு என்று பொருள். சமையல்காரர் டைசன் கோல் 2003-இல் ஒரு பழைய வீட்டில்தான் இதைத் தொடங்கினார். மீனும் சோறும் சேர்ந்த சுஷி செய்யும் மேடைக்கு எதிரே உட்கார்ந்தோம். ஹமா சில்லி என்று மீன் துண்டுகளின் மேல் மெல்லிய பச்சை மிளகாய் வளையமும் ஆரஞ்சுச் சுளையும் வைத்துத் தந்தார்கள். முதலில் குளிர்ச்சி, அப்புறம் புளிப்பு, கடைசியில் காரம். பிராங்க்ளினில் புகை 12 மணி நேரம் செய்ததை இங்கே ஒரு கத்தி கண் முன்னால் சில நொடிகளில் செய்கிறது.

என் மேல்சட்டையில் முந்தைய நாள் புகை இன்னும் இருந்தது. சுஷி செய்தவர், "நேற்று பார்பிக்யூவா?" என்று கேட்டுச் சிரித்தார். விடுமுறை நாளில் தானும் அந்த வரிசையில் நிற்பாராம். எது மேல் என்றால் எனக்குப் பிராங்க்ளின்தான். அந்த வரிசையில் பேசிய மனிதர்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மறுமொழி:

இரண்டு சின்னக் குழந்தைகளோடு எங்களால் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை. அதனால் லோரோ என்ற உணவகத்துக்குப் போனோம். நீங்கள் சொன்ன ஏரன் பிராங்க்ளினும் டைசன் கோலும் சேர்ந்து 2018-இல் தெற்கு லமாரிலேயே திறந்த இடம். பிரிஸ்கெட் மேல் மிளகாய்ச் சாறும் தாய்லாந்து இலைகளும் போட்டுத் தருகிறார்கள். அசல் பிராங்க்ளின் பிரிஸ்கெட்டை நான் சாப்பிட்டதில்லை, ஆனால் என் பெரியவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை போகிறவர்கள் கவனிக்கவும்: அன்று பிராங்க்ளினுக்கு விடுமுறை.