காசிமேடு–பழவேற்காடு கடல் வெப்ப வரைபடம்: ரெண்டு செயற்கைக்கோள் தரவை ஒட்டுற இடத்துல படி விழுது (கேள்வி-பதில்; பேர்கள் எழுதினவங்களோட புனைபெயர்)

கழிமுகம்:
காசிமேட்டுலேருந்து பழவேற்காடு வரைக்கும், வெளியே 150 கிமீ தூரத்துக்கு, கடல் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடம் தினமும் போடுறேன். விஐஐஆர்எஸ்ங்கிற செயற்கைக்கோள் கருவியோட அகச்சிவப்புத் தரவு. மேகம் மறைச்ச இடத்துல, மேகத்தைத் தாண்டிப் பார்க்கிற ஆம்சர்-2 கருவியோட மைக்ரோவேவ் தரவு. ரெண்டுமே மதியம் ஒன்றரை மணி சுமாருக்கு எடுத்தது. ரெண்டும் சேர்ற இடத்துல வெப்பநிலை திடீர்னு 0.7 டிகிரி மாறி, படி மாதிரி நிக்குது. சராசரி எடுத்தும் போகல. கரையோரத்துல மைக்ரோவேவ் சுத்தமா காலி. எப்படிச் சரி பண்றது?

வாடைக்காத்து:
முதல்ல மதியத் தரவை விடுங்க. காத்து அடங்கின நாள்ல மேல் தண்ணி மட்டும் ஒண்ணு ரெண்டு டிகிரி சூடேறிடும். ராத்திரி ஒன்றரை மணித் தரவை எடுங்க. மதியம் வேணும்னா காத்து விநாடிக்கு 6 மீட்டருக்குக் கீழ இருக்கிற புள்ளிகளைத் தூக்கிடுங்க.

அடுத்தது ஆழம். அகச்சிவப்பு பார்க்கிறது மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு தடிமன் உள்ள மேல் படலம், அதைத் தோல்னு சொல்வாங்க; மைக்ரோவேவ் சுமார் ஒரு மில்லிமீட்டர். தோல் 0.17 டிகிரி போலக் குளிர்ந்திருக்கும். கோப்போட தலைப்பைப் படிங்க: தோல் வெப்பநிலைன்னா 0.17 கூட்டுங்க, ஏற்கெனவே திருத்தியிருந்தா தொடாதீங்க. தர எண் 5 (இருக்கிறதுலயே நல்ல தரம்) மட்டும் வச்சு, கோப்புலயே இருக்கிற சார்புப் பிழையையும் (எப்பவும் ஒரே பக்கமா விலகுற அளவு) கழிச்சிடுங்க. மேக விளிம்புல ரெண்டு பிக்சல் வெட்டிடுங்க. அங்க மெல்லிய மேகம் கலந்து கடல் குளிர்ந்த மாதிரி பொய் காட்டும்.

பழைய துறை:
வெறும் சராசரி கூடாது. எதை எவ்வளவு நம்பணும்ங்கிற எடை, பிழையோட வர்க்கத்துக்குத் தலைகீழ். அகச்சிவப்புப் பிழை 0.4, மைக்ரோவேவ் 0.6ன்னா எடை 69க்கு 31. 29.0, 29.6 ரெண்டும் சேர்ந்தா 29.18 வரும், பிழை 0.33 ஆகக் குறையும். சார்பை நீக்காம எடை போட்டா இந்தக் கணக்கே பொய்.

கரையோரம் காலியா இருக்கிறதுதான் சரி. ஆம்சர்-2 6.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில ஒரு தடவை பார்க்கிற பரப்பே 35க்கு 62 கிமீ. மைக்ரோவேவ்ல நிலம் கடலை விட ரொம்பப் பிரகாசமா தெரியும். அது ஓரத்துல கசிஞ்சு கடலைச் சூடாக் காட்டும். அதனாலதான் அந்தப் பட்டையைத் தரவுக்காரங்களே வெட்டிடுறாங்க. அதை நிரப்பணும்னு வெளிக்கடல் மதிப்பை இழுத்து வராதீங்க. எண்ணூர்ப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் விடுற சுடுதண்ணி மைக்ரோவேவோட 25 கிமீ கட்டத்துல தெரியவே தெரியாது.

கழிமுகம்:
படி 0.15க்கு இறங்கிடுச்சு, நன்றி. ஐப்பசி மழையில நாலஞ்சு நாள் மேகம் விலகலன்னா கரையோரத்துக்கு என்ன பண்றது?

வாடைக்காத்து:
முந்தைய நாள் வரைபடத்தை அடிப்படையா வச்சுக்குங்க. ஆனா ஒவ்வொரு நாளும் அதோட பிழையைக் கூட்டிக்கிட்டே போங்க. பக்கத்துல பிழை வரைபடமும் போடுங்க. 0.01 டிகிரி கட்டத்துல வழவழன்னு வர்ற உலக வரைபடங்களும் மேகத்துக்கடியில இப்படித்தான் நிரப்புது. கட்டம் பொடிசா இருக்கிறதால தகவலும் அவ்வளவு நுணுக்கம்னு நம்பிடாதீங்க. பிழை 0.5 தாண்டின இடத்தை வெள்ளையா விட்டுடுங்க. கடலுக்குப் போறவங்க அந்த நிறத்தைப் பார்த்துத்தான் டீசல் போடுறாங்க.