வேக்யூம் டப்பா வேணுமா, வேண்டாமா: 1489 சிசி கான்டெசாவுக்கு மாற்று டிஸ்ட்ரிபியூட்டர்

குடந்தை கான்டெசா:
போன வாரம் மாயவரம் மின்னல் எழுதினதைப் படிச்சதிலேருந்து மனசு ஆறலை. திருவாரூர் தம்பி ஒருத்தர், அப்பாவோட பழைய கான்டெசாவுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டருக்கெல்லாம் தீப்பொறியைப் பங்கு போடுறது) தேய்ஞ்சு போச்சு, மாத்த எது வாங்கலாம்னு கேட்டிருந்தாரு. அம்பாசடர்ல வந்த அதே பி.எம்.சி. 1489 சிசி எஞ்சின்தான். ஹெட் இழைச்சு, ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் போட்டு வச்சிருக்காரு. அதுக்கு மின்னல் சொன்னது: "வேகத்துக்கு வண்டி செய்றவன் முதல்ல வேக்யூம் டப்பாவைத் தூக்கி எறியணும். வேக்யூம் இல்லாத புது டிஸ்ட்ரிபியூட்டர் போடு, வண்டி பறக்கும்."

எதுக்காகத் தூக்கி எறியணும்? எஞ்சின் காத்தை இழுக்கிற இழுப்பை (வேக்யூம்) வச்சு டைமிங்கை, அதாவது தீப்பொறி விழுற நேரத்தை, முன்னாடி நகர்த்துற டப்பா அது. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா மேனிஃபோல்டுல (எஞ்சினுக்குள்ள காத்து போற குழாய்) வேக்யூமே இருக்காது, டப்பா தானா அடங்கிடும். அந்த நேரத்துல டைமிங்கை நகர்த்துறது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள வேகத்துக்கு ஏத்தபடி விரியற வெயிட்டும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். அப்ப முழு வேகத்துல டப்பா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுது? ஒண்ணும் இல்லை. அரை மிதியில போறப்பதான் அது வேலை செய்யுது. சிலிண்டருக்குள்ள காத்தும் பெட்ரோலும் கம்மியா இருக்கும், மெதுவா எரியும், அதனால தீப்பொறி 10 டிகிரிக்கு மேலகூட முன்னாடி விழணும். அதை எடுத்துட்டா எக்ஸாஸ்ட் சூடாகும், மைலேஜ் விழும்.

மாயவரம் மின்னல்:
அண்ணே, பாடம் நல்லா இருக்கு. ஒரே ஒரு கேள்வி. மினி கூப்பர் எஸ் 1275-ல என்ன டிஸ்ட்ரிபியூட்டர்? லூகாஸ் 23டி4. அதுல வேக்யூம் கிடையாது. ராலி ஜெயிச்ச வண்டி. கம்பெனிக்காரனே வேண்டாம்னு விட்டதை நீங்க கட்டிப்பிடிச்சு அழுறீங்க.

குடந்தை கான்டெசா:
கூப்பர் எஸ் வேற எஞ்சின் தம்பி. நம்ம எஞ்சினைப் பத்திப் பேசுவோமா? 1955-ல எம்.ஜி.ஏ. 1500-னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சு. அதே பி.எம்.சி. எஞ்சின் (பி-சீரிஸ்னு பேரு), அதே 1489 சிசி, ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ். வேக்யூம் உண்டு! திருவாரூர் தம்பி வச்சிருக்கிறது கிட்டத்தட்ட அந்த எஞ்சின்தான். இங்கிலாந்துக்காரன் ஸ்போர்ட்ஸ் காருக்கே வச்சான், நீங்க கழட்டச் சொல்றீங்க.

மாயவரம் மின்னல்:
70 வருஷத்துக்கு முந்தின கதை. நான் என் அம்பாசடர்ல கழட்டிட்டேன், பிக்கப் ஏறிடுச்சு. கண்ணால பாத்தது.

குடந்தை கான்டெசா:
கழட்டுறதுக்கு முன்னாடி அந்த டப்பா வேலை செஞ்சுதா? டியூபை வாயில வச்சு உறிஞ்சி, நாக்கால அடைச்சுப் பிடிச்சிப் பாத்தீங்களா? நாக்குல பிடிச்சு நின்னா டயஃப்ரம் (டப்பாவுக்குள்ள இருக்கிற சவ்வு) நல்லா இருக்கு. நாக்குல பிடிப்பு இல்லாம காத்து வந்துக்கிட்டே இருந்தா கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச டப்பாவைக் கழட்டி ஓட்டையை அடைச்சா காத்து ஒழுகுறது நின்னு வண்டி நல்லா ஓடத்தான் செய்யும். அது வேக்யூமோட குத்தம் இல்லை.

பட்டுக்கோட்டை பட்டறை:
ரெண்டு பேரும் டப்பாவையே பிடிச்சுத் தொங்குறீங்க. டிஸ்ட்ரிபியூட்டர் நடுவுல சுத்துற தண்டு, அந்த சாஃப்ட்ல ஆட்டம் இருக்கான்னு யாராவது கேட்டீங்களா? ரோட்டரை (சாஃப்ட் தலையில மாட்டியிருக்கிற துண்டு) கழட்டிட்டு சாஃப்ட் தலையைக் கட்டைவிரலால பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. பாயிண்ட் (திறந்து மூடி தீப்பொறியை உண்டாக்குற முனை) இடைவெளி 0.015 இஞ்ச் வச்சிருப்பீங்க. தள்ளினதும் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் லூசாயிடுச்சுன்னா சாஃப்டைத் தாங்குற புஷ் போச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினோட கிராங்க் தண்டு வேகத்துல பாதி வேகத்துல சுத்துது, இங்க 1 டிகிரி தப்பினா அங்க 2 டிகிரி. டைமிங் லைட் (தீப்பொறி நேரம் பாக்கிற விளக்கு) அடிச்சா கோடு நிக்காம கூத்தாடும். வேக்யூம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

குடந்தை கான்டெசா:
புஷ் மாத்தலாம்ங்கிறதைத்தான் நானும் சொல்றேன் அண்ணே. பழைய பாடியில புது புஷ் அடிச்சு, வேக்யூமோட மாட்டணும். கும்பகோணத்துலயே ஒரு லேத்துல அடிச்சேன். கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) ராடை என் கண் முன்னாடி கடைஞ்சாரு. சுருள் சுருளா செம்மஞ்சள் தூள் விழுந்துச்சு. சாஃப்டை உள்ள விட்டு விரலால சுத்திவிட்டா சத்தமில்லாம தானா சுத்தி நின்னுச்சு. அந்த டிஸ்ட்ரிபியூட்டர்தான் இன்னிக்கும் ஓடுது, வேக்யூமோட.

நாகை உப்புக்காற்று:
கன்மெட்டலா? எண்ணெய் ஊறுற சின்டர் (பொடியை அழுத்திச் சுட்ட) வெண்கலப் புஷ்தான் போடணும் சார். மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் எஞ்சின் ஆயில்ல ஊறப்போடணும். அப்பதான் தானே எண்ணெய் கசிஞ்சு ஓடும்.

குடந்தை கான்டெசா:
எண்ணெய் விட நேரமில்லாதவங்களுக்கு அது. நான் ரோட்டரைக் கழட்டி மாசம் ரெண்டு சொட்டு விடுறவன்.

மன்னை மிராசு:
பித்தளையிலயும் அடிக்கலாமே. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்க்கிற பட்டறையில கேட்டா உடனே கிடைக்கும்.

பட்டுக்கோட்டை பட்டறை:
மிராசு ஐயா, குத்துவிளக்கு ஒரு இடத்துல நிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் சுத்தும். பித்தளை சீக்கிரம் தேயும்.

மன்னை மிராசு:
நான் அறுபது வருஷமா வண்டி பாக்கிறவன். எனக்கு உலோகம் சொல்லித்தராதீங்க. நீங்க பட்டறை போட்டே எத்தனை வருஷம் ஆகுது?

நாகை உப்புக்காற்று:
நான் சொல்ல வந்தது வேற. பாயிண்ட்டையே எடுத்துட்டு காந்த வளையம் வச்ச எலெக்ட்ரானிக் மாடியூல் போட்டா சண்டையே இல்லை. எங்க ஊர்க் கடல்காத்துல பாயிண்ட் மாசத்துக்கு ஒருதரம் பூத்துப் போகுது. உப்புக் காகிதத்தால தேய்ச்சே கை தேஞ்சுது.

குடந்தை கான்டெசா:
எலெக்ட்ரானிக் போடுங்க, நான் தடுக்கலை. ஆனா பல மாடியூல்ல சாவியை ஆன்ல விட்டுட்டு எஞ்சின் ஓடாம வச்சா சூடாகிப் போயிடும். நடு ராத்திரி கொள்ளிடம் பாலத்துல போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? பாயிண்ட்டுன்னா டாஷ்போர்டுல ஒரு துண்டு உப்புக் காகிதம் இருந்தா தேய்ச்சிட்டு வீடு வந்துடலாம். அது கிடக்கட்டும். எலெக்ட்ரானிக் போட்டாலும் வேக்யூம் வேணுமா வேண்டாமா? மின்னல் தம்பி இன்னும் பதில் சொல்லலை. உறிஞ்சிப் பாத்தீங்களா?

மாயவரம் மின்னல்:
பாக்கலை. பாக்கத் தேவையும் இல்லை. ரேஸ் வண்டியில வேக்யூம் கிடையாது. அவ்வளவுதான்.

குடந்தை கான்டெசா:
நாம ரேஸ் டிராக்லயா ஓட்டுறோம்? டிராக்ல முழு மிதி இல்லாட்டி பிரேக். நம்ம ஊர்ல எங்க முழு மிதி? கும்பகோணத்துலேருந்து மாயவரம் வர்ற வழியில அறுப்பு நேரத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. முன்னாடி வைக்கோல் ஏத்தின டிராக்டர், பின்னாடி மினி பஸ், ரோட்டுல பாதியை அடைச்சு நெல்லு காயுது. முழுக்க அரை மிதி, கால் மிதி. கல்லணைக் கால்வாய்க் கரையில வளைஞ்சு வளைஞ்சு போறப்பவும் அப்படித்தான். அந்த மிதிக்குத்தான் வேக்யூம். டெல்டாவுல வண்டி ஓட்டுறவனுக்கு வேக்யூம் வேண்டாம்னு சொல்றது, மேட்டூர்ல தண்ணி திறந்தப்புறம் வாய்க்காலை மூடுற மாதிரி.

மாயவரம் மின்னல்:
உங்க கான்டெசா எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் தாராசுரம் ரயில்வே கேட்ல பானட்டைத் திறந்து வச்சிட்டு நின்னதை நானே பாத்தேன்.

குடந்தை கான்டெசா:
அது ரோட்டர். டிஸ்ட்ரிபியூட்டரைக் குறை சொல்லாதீங்க. ஆன்லைன்ல வாங்கின புது ரோட்டர், தலையில ரிவிட் வச்சது. பேக்கலைட்டுல மயிரிழை விரிசல் விட்டு, தீப்பொறி மேல இருக்கிற மூடிக்கு (கேப்) போகாம ரிவிட் வழியா நேரா சாஃப்டுக்கு இறங்கிடுச்சு. டிக்கியில கிடந்த 30 வருஷத்துப் பழைய ரோட்டரைப் போட்டேன், ஒரே செல்ஃபுல கிளம்புச்சு. புதுசு வாங்குன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, புதுசோட தரம் இதுதான்.

பட்டுக்கோட்டை பட்டறை:
இதை மட்டும் நான் ஒத்துக்கிறேன். ரிவிட் ரோட்டர் எங்கிட்டயும் மூணு வந்துச்சு. கார்த்திகை மழையில கேப்புக்குள்ள ஈரம் சேர்ந்தா இன்னும் மோசம். கரிக்கோடு மாதிரி ஒரு தடம் விழும், அதுவழியா ஒரு சிலிண்டர் தீப்பொறி இன்னொண்ணுக்குத் தாவும்.

மாயவரம் மின்னல்:
அப்ப நானும் ஒண்ணு சொல்றேன். நீங்க எல்லாரும் சேர்ந்து என்னை மட்டம் தட்டுறீங்க. மாயவரத்துக்காரன்னா இளக்காரம்.

மன்னை மிராசு:
ஊரை ஏன் இழுக்கிறீங்க? 2016 மகாமகத்தப்போ கும்பகோணத்துல என் டைமிங் லைட்டை வாங்கிட்டுப் போனவர் நீங்கதானே? ரெண்டு நாள்ல தரேன்னீங்க. அடுத்த மகாமகம் 2028. அதுக்குள்ளயாவது வருமா?

மாயவரம் மின்னல்:
அதைத் திருப்பிக் கொடுத்தாச்சு. உங்க டிரைவர்கிட்ட.

மன்னை மிராசு:
எனக்கு டிரைவரே கிடையாது. எப்பவும் நானே ஓட்டுறவன்.

திருவாரூர் தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். இப்ப நான் பழசுக்குப் புஷ் அடிக்கவா, புதுசு வாங்கவா? சனிக்கிழமை அப்பா வண்டியை எடுக்கணும்ங்கிறாரு.

குடந்தை கான்டெசா:
தம்பி, முதல்ல டியூபைக் கழட்டி வாயால உறிஞ்சிப் பாருங்க. நாக்குல நிக்குதான்னு எழுதுங்க.

மாயவரம் மின்னல்:
அவரையும் உறிஞ்ச விடுறீங்களா? தம்பி, கேக்காதீங்க. வேக்யூம் இல்லாதது வாங்குங்க.

நாகை உப்புக்காற்று:
எலெக்ட்ரானிக் போடுங்க தம்பி. புஷ் சின்டர்தான், மறந்துடாதீங்க.

குடந்தை கான்டெசா:
சின்டர் கதையை விடுங்க சார். மின்னல், கடைசியா ஒரு தடவை கேக்கிறேன். உங்க அம்பாசடர்ல கழட்டின அந்த டப்பா இன்னும் வச்சிருக்கீங்களா? இருந்தா பஸ்ல கொடுத்து விடுங்க. நான் உறிஞ்சிப் பாத்து எழுதுறேன்.

மாயவரம் மின்னல்:
பழைய இரும்புக்குப் போட்டாச்சு.

மன்னை மிராசு:
டைமிங் லைட்டையுமா?