பவுடர் லெசித்தின் சுங்க வரி அட்டவணையில் எந்த அத்தியாயத்தில் சேரும்?

தொண்டியிலிருந்து:

வனாமி இறால் பண்ணைக்காரர்களுக்குத் தீவனச் சேர்மானங்கள் விற்பது என் தொழில். இறாலின் உடல் தனக்கு வேண்டிய பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. தீவனத்தில் அது குறைந்தால் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றும், தோல் உரிப்பதில் திணறும். அதற்காகத்தான் அந்தக் கொழுப்பு நிறைந்த சோயா லெசித்தினைச் சேர்க்கிறோம். போன ஆண்டு முதன்முறையாக நானே நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பேரல்களில் தேன்போல் கெட்டியான பழுப்பு நிற லெசித்தின் ஒரு பங்கு, மூட்டைகளில் பவுடர் ஒரு பங்கு. விற்றவரின் விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். கிளியரிங் ஏஜெண்ட் இரண்டையும் ஒரே வரியில் 2923 20 10 என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணில் பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது இறக்குமதிக்கான சுங்கப் படிவத்தில், ஏற்றினார். நான் படித்துப் பார்க்காமல் சரி என்றேன்.

மதிப்பீட்டு அதிகாரி பேரல்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்து, பவுடரை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதில் லெசித்தின் எத்தனை சதவீதம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சாம்பிள் ஆய்வகத்துக்குப் போனது. சரக்கு துறைமுகத்திலேயே கிடந்தது, தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. இங்கே குஞ்சு விட்டிருந்த பண்ணைக்காரர்கள் நாள்தோறும் போன் செய்தார்கள். அந்த நாள்களில் நான் சரியாகத் தூங்கியதே இல்லை. முடிவு வந்தது: பவுடரில் பாதிக்கு மேல் மக்காச்சோள மாவு. லெசித்தினை மாவில் ஏற்றி உலர்த்தி, தீவனத்தில் கலப்பதற்கென்றே தயாரித்த பொருள் அது. ஆகவே 2309, கால்நடைத் தீவனத் தயாரிப்புகள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பேரலில் இருப்பதும் லெசித்தின், மூட்டையில் இருப்பதும் லெசித்தின், பிறகென்ன வேறுபாடு? கோபம் ஆறியபின் சுங்க வரி அட்டவணையை எடுத்துவைத்துப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

29ஆம் அத்தியாயம் கரிம வேதிப்பொருள்களுக்கானது. பொதுவாக அங்கே தனித்த, வரையறுத்த ஒரு வேதிப்பொருளுக்குத்தான் இடம். லெசித்தின் அப்படிப்பட்டதல்ல, பல கொழுப்புகளின் கலவை. அதனால் 2923ஆம் தலைப்பு அதற்கென்று ஒரு விலக்கையே எழுதிவைத்திருக்கிறது: வேதியியல் முறையில் வரையறுக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் லெசித்தின் இங்கேதான். உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் வணிகச் சோயா லெசித்தினைப் பற்றிக் கூறுவது இன்னும் தெளிவு. அசிட்டோனில் கரையாத பாஸ்பாடைடுகள் (பாஸ்போலிப்பிடுக்கே இன்னொரு பெயர்) பொதுவாக 60 முதல் 70 சதவீதம், மீதி சோயா எண்ணெய், கொழுப்பு அமிலங்கள், கார்போஹைட்ரேட்டுகள். அதாவது தயாரிப்பில் கூடவே வந்து ஒட்டிக்கொண்ட எண்ணெய் குற்றமில்லை. பிறகு நாமாக ஒரு வேலைக்கென்று சேர்த்த மாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்றையும் கவனித்தேன். கச்சா சோயா எண்ணெயில் தண்ணீர் கலந்து சூடாக்கிப் பிசினைப் பிரிக்கும்போதுதான் லெசித்தின் கிடைக்கிறது. பிரிக்காமல் எண்ணெய்க்குள்ளேயே இருக்கும்வரை அது 1507, பிசின் நீக்கிய கச்சா எண்ணெயும் நீக்காத கச்சா எண்ணெயும் அங்கேதான். பிரித்து எடுத்தால் 2923. மாவில் ஏற்றித் தீவனச் சேர்மானமாக்கினால் 2309. ஒரே பிசின் மூன்று வீடு மாறுகிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

காக்கா, எனக்கு வந்தது நான்காவது வீடு. உணவுத் துணைப்பொருளாக விற்கும் லெசித்தின் கேப்சூல்களைப் புட்டியில் அடைத்தபடியே வரவழைத்தேன். 2923 என்று எழுதியதை ஏற்கவில்லை. உறை போட்டு, அளவு குறித்து, நேரே விற்பனைக்கு வரும் உணவுத் தயாரிப்பு என்பதால் 2106 என்றார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் தேவைப்பட்டது. உள்ளே இருப்பது சுத்தமான லெசித்தின்தானே என்று நானும் வாதாடிப் பார்த்தேன். இப்போது யோசித்தால் அதிகாரி சொன்னது நியாயமாகவே படுகிறது. ஒரு யோசனை: டெல்லியிலும் மும்பையிலும் சுங்க முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறது. சரக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பித்து வகைப்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். விண்ணப்பித்தவரையும் சுங்கத் துறையையும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். தொடர்ந்து இறக்குமதி செய்பவர் என்றால் அந்தச் செலவு வீணில்லை.

மண்டபத்திலிருந்து:

அண்ணே, எங்கள் அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போனவர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாவற்றையும் கரையிலேயே தனித்தனியாகப் பிரித்துப் போடுவார், கலந்துவிட்டால் விலை போகாது. உலர்த்திய பாசியாகவே அனுப்பினால் 1212. அதே கஞ்சிப்பாசியைக் கொதிக்கவைத்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுத்துவிட்டால் 1302. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கரைதான் நினைவுக்கு வந்தது.

நான் ஏற்றுமதிப் பக்கம் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்கான சுங்கப் படிவம், எழுதும் வேலையில் இருந்தேன். சோயா லெசித்தின் கொழும்புக்குப் போகும். 2923 20 வரையிலான ஆறு இலக்கங்கள் அங்கேயும் நம்முடையவைதான். அதற்கு அப்பால் ஒவ்வொரு நாடும் தனக்கென்று பிரித்துக்கொள்கிறது. எட்டு இலக்கத்தையும் அப்படியே எழுதி அனுப்பி, வாங்குபவர் அங்கே திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். ஆறோடு நிறுத்தி, மீதியை வாங்குபவரிடம் கேட்டு எழுதுவதே என் வழக்கம். விலைப்பட்டியலில் வெறுமனே 'லெசித்தின்' என்று விடமாட்டேன். திரவமா பவுடரா, எண்ணெய் நீக்கியதா, அசிட்டோனில் கரையாத பகுதி எவ்வளவு, வேறு எது சேர்ந்திருக்கிறது என்று நான்கையும் எழுதச் சொல்வேன்.

தொண்டியிலிருந்து:

அந்த நான்கையும் குறித்துக்கொண்டேன் தம்பி. அடுத்த சரக்கு கிளம்பப்போகிறது. விற்பவரிடமிருந்து ஆய்வறிக்கை வந்துவிட்டது, பவுடரில் லெசித்தின் 40 சதவீதம், மீதி மக்காச்சோள மாவு என்று அதில் தெளிவாக இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரியில் இம்முறை பேரலுக்கு ஒரு வரி, மூட்டைக்கு ஒரு வரி.