செய்துபார் அரங்கு – என் பரிந்துரை

அண்ணே, எல்லாருக்கும் வணக்கம்.

காரைக்குடி கூடுகைக்கு போர்டு எழுதக் குடுக்கணும், வந்தவங்க தாங்களே இயக்கிப் பார்க்குற 'இன்டராக்டிவ் எக்ஸிபிட்'டுக்கு இன்னும் தமிழ்ச் சொல்லு முடிவாகல. அண்ணன் சொன்ன 'ஊடாடு காட்சிப்பொருள்'ல முதல் பாதி நல்லா இருக்கு, கணினிப் பக்கம் ஏற்கனவே ஊன்றிப்போன சொல்லு, டச் ஸ்க்ரீனுக்கு அதையே வச்சுக்குவோம். எனக்கு இடிக்கிறது 'காட்சிப்பொருள்'தான். ஒண்ணைக் காட்சிப்பொருளா வச்சிருக்காங்கன்னா யாரும் அதைத் தொடறதில்லன்னுதானே பேச்சுல அர்த்தம்?

ஆத்தங்குடிக் கல்லு, அதான் தரையில பதிக்கிற பூப்போட்ட சிமெண்டு டைல்ஸ், அதைச் செஞ்சு பாக்குற மேசைய எடுத்துக்குங்க. கண்ணாடி மேல சட்டத்தை வச்சு, உள்ள பூ அச்சை இறக்கி, அறை அறையா கலர் சிமெண்டுக் கரைசலை ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு, மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் சாந்து போட்டு மட்டம் பண்ணணும், கண்ணாடில ஒட்டியிருந்த பக்கம்தான் பளபளன்னு முகமா வரும். தண்ணில ஊறி காய நாளாகும், அதனால அரங்குல ஊத்துற வரைக்கும்தான் பிள்ளைங்க கையில. ஆனா விஷயமே அங்கதான் இருக்கு, சிவப்பு அறையில பச்சைய ஊத்துனா பூவே வேற. வந்தவங்க செய்யிறதுக்குத் தக்க அது மாறணும். பட்டன அமுக்குனா ஒரே வீடியோ ஓடுற டிவியெல்லாம் இதுல சேராது. 1969ல சான் பிரான்சிஸ்கோவுல ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரட்டோரியம்ங்கிற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்குனதும் வர்றவங்க தானே இயக்கிப் பார்த்து தெரிஞ்சுக்கணும்னுதான்.

ஆச்சி சொன்ன 'தொட்டறி' கேக்க இனிமை. ஆனா மைக்குல பேசுனா குரலோட அலை திரையில நெளியிற மேசைக்கு என்ன பண்றது, அங்க தொடுறதுக்கு ஒண்ணுமில்லயே. 'செய்தறி' இலக்கணப்படி சரி, இருந்தாலும் கண்டாங்கிச் சேலை நெய்யிற ஊர்ல அந்த போர்டைப் பார்த்தா தறின்னுதான் வாசிப்பாங்க, பக்கத்துலயே நெசவுத் தறியும் நிக்குது.

என் ஓட்டு 'செய்துபார்'. செய்துபார் மேசை, செய்துபார் அரங்கு, செய்துபார் கருவி, எதோட வேணா ஒட்டும், நாலாங் கிளாஸ் பிள்ளையும் அர்த்தம் கேக்காது. பெரியவங்களப் போய் 'பார்'ன்னு ஒருமையில சொல்றதான்னு தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதனால கலைச்சொல்லு அரங்கு வாசல்ல மட்டும் இருக்கட்டும், மேசைச் சீட்டுல 'செஞ்சு பாருங்க'ன்னே போட்டுருவோம். கொட்டான், அதான் பனையோலைக் கூடை, முடையிற மேசைக்கு ஓலை கிழிச்சுக் காட்ட ரெண்டு ஆச்சிமார் வர்றாங்க, அவுகளுக்கும் அதுதான் மரியாதை.

மறுப்பு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க, அச்சகத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க.