விக்டோரியா கால டீபாட்: கறை, விரிசல், அடி முத்திரை

கேள்வி:
வெள்ளைப் பீங்கான் டீபாட். ரோஜாக் கொத்து கையால் வரைந்தது, விளிம்பில் தங்கக் கோடு. அடியில் சாய்சதுர முத்திரை: உச்சி வட்டத்தில் ரோமன் நான்கு, சதுரத்துக்குள் மேல் மூலையில் 12, வலது மூலையில் ‘ஏ’, கீழே ‘எச்’. உள்ளே பழுப்புக் கறை. கைப்பிடி ஒட்டும் இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். பிளீச் ஊற்றி வைக்கலாமா? டீ போடலாமா? எந்த வருடத்தது?

பதில் 1:
பிளீச் வேண்டவே வேண்டாம். விரிசல் வழியாக உள்ளே போய் உப்பாகத் தங்கிவிடும். காயும்போது அந்த உப்பு படிகமாகி மேல்பூச்சை, அதாவது பீங்கான் மேல் உள்ள கண்ணாடி மாதிரிப் படலத்தை, பெயர்க்கும். தங்கமும் மங்கும்.

முதலில் பழைய ஒட்டு, மறுபூச்சு இருக்கிறதா என்று இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். திட்டுத் திட்டாக வேறு நிறத்தில் ஒளிர்ந்தால் ஊறவைக்கக் கூடாது. இல்லையென்றால் பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, சுத்தமான தண்ணீரில் ஊறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் கரைந்த கறை பீங்கானுக்குள்ளேயே இறங்கிவிடும். பிறகு 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சைக் கறைமேல் மட்டும் வைத்து, காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். சில மணிக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். தங்கத்தின் மேல் படக்கூடாது. கடைசியில் தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, நிழலில் சில நாள் காயவிடுங்கள். பூ வேலையைத் தேய்க்காதீர்கள். அது பெரும்பாலும் மேல்பூச்சுக்கு மேல் குறைந்த சூட்டில் சுட்ட வண்ணம், சுலபமாகத் தேயும்.

பதில் 2:
சாய்சதுர முத்திரை என்பது பிரிட்டனில் ஒரு பொருளின் வடிவத்தைப் பதிவு செய்ததற்கான அடையாளம். 1842 முதல் 1883 வரை இருந்தது. ரோமன் நான்கு என்றால் பீங்கான், மண்பாண்ட வகை. 1867 வரை வருட எழுத்து மேல் மூலையில் வரும். 1868 முதல் அது வலது மூலைக்குப் போய், மேலே தேதி வந்தது. அதே ‘ஏ’ மேலே இருந்திருந்தால் 1845. உங்களுடையதில் வலதுபுறம், ஆகவே 1871. ‘எச்’ ஏப்ரல். 1871 ஏப்ரல் 12. ஆனால் அது வடிவத்தைப் பதிவு செய்த நாள். பானை அதற்குப் பிறகும் செய்யப்பட்டிருக்கலாம். இடது மூலை எண்ணையும் சேர்த்துக் கொண்டால், லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகப் பதிவேட்டில் பதிவு செய்தவர் பெயரைத் தேடலாம்.

“கையால் வரைந்தது” என்பதை 10 மடங்கு லென்ஸில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இலை ஓரக் கோடு ஒரே தடிமனாகவோ புள்ளி புள்ளியாகவோ இருந்தால் அச்சு. வண்ணம் மட்டும்தான் கையால் நிரப்பியது. அந்தக் காலத்தில் இப்படி நிறைய செய்தார்கள்.

பதில் 3:
டீ வேண்டாம். ஒரு லிட்டர் டீயே ஒரு கிலோ. பானையின் எடையும் சேர்ந்து முழுப் பாரமும் அந்த விரிசலில்தான் இறங்கும். கொதிநீர் பட்டு ஆறும் ஒவ்வொரு முறையும் விரிசல் நீளும். பழைய வண்ணங்களில் ஈயமும் உண்டு.

விரிசலில் சூப்பர் க்ளூ ஊற்றாதீர்கள், பிறகு முறையாகச் சரிசெய்ய வருபவருக்கு அதை எடுப்பதே பெரிய வேலை. தூக்கும்போது கைப்பிடியைத் தொடாமல், மூடியைத் தனியே எடுத்துவிட்டு, அடியில் ஒரு கையும் பக்கவாட்டில் ஒரு கையும் கொடுங்கள்.