டொன்டொன் சூமோ: காகித மல்லர்கள் கை கோத்து நின்றுவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

ஜப்பானியக் காகித மல்யுத்த விளையாட்டான டொன்டொன் சூமோ ஆடுபவர்கள் உதவுங்கள். கவிழ்த்த அட்டைப்பெட்டி மேல் 16 செ.மீ. வட்டம், எதிரெதிரே இரண்டு காகித மல்லர்கள், பெட்டியின் ஓரத்தில் விரல் தட்டல். விழுந்தவரோ கோட்டைத் தாண்டியவரோ தோற்றார்.

உருவம் 9 செ.மீ. உயரம், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அட்டை, முதுகில் நெடுக்கு மடிப்பு, கைகள் முன்னே 2 செ.மீ. மடிப்பு காகித இழையோட்டத்தை ஒட்டியே இருக்கிறது. குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து, ஒரு கால் தூக்கி, ஆள் பம்பரமாகிவிடுவார். பெட்டியின் அடி நடுவில் தொய்ந்தால் இருவரும் உள்ளே சரிவார்கள் என்பதால் கீழே இன்னொரு அட்டையும் ஒட்டியாயிற்று.

சிக்கல் கையில்தான். நாலு தட்டில் விரல்கள் கோத்துக்கொண்டு, கூடாரம் மாதிரி சாய்ந்து நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு தட்டினாலும் சுற்றல்தான், விழல் இல்லை! கையை 1 செ.மீ. ஆக்கினால் பிடியே கிடைப்பதில்லை. 120 ஜிஎஸ்எம்முக்கு இறங்கினால் முழங்கால் மடங்குகிறது. பாதத்தின் முன்பக்கம் 1 மி.மீ. சீவினால் சாய்வு நன்றாக வருகிறது, ஆனால் எதிராளி விலகியதும் குப்புற விழுகிறார்.

கை நுனியை வட்டமாக வெட்டினால் போதுமா, இல்லை உள்பக்கம் மடித்து ஒட்ட வேண்டுமா? வட்டத்துக்குச் சொரசொரப்பான ஓவியத்தாளா, வழவழப்பான சார்ட்டா? வெட்டு வரைபடம் இருந்தால் அளவோடு போடுங்கள்.